வழக்குரை காதையும் விற்பனைக் கலையும்

விற்பனைக்குச் சொல்வன்மையே போதும் என்பர் சிலர். 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியைப்போல் அடுக்கடுக்காகப் பேசினால் வாங்குவோர் மனம் மாறிவிடுமாம். ஆனால் சிலப்பதிகாரத்தில் கண்ணகி வழக்கை வென்ற முறை வேறு.

தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். “நன்று சொன்னாய்” என ஒப்பிய பாண்டியன், தம் சிலம்பில் உள்ளது முத்து என்றான். சோதனை இன்னதென்று இருவர்க்கும் தெளிவான பின்னரே, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. தீர்ப்பை மன்னனே தன் வாயால் உரைத்தான்.

விற்பனைத் துறைக்குச் செல்லவிருக்கும் நண்பர்களே, எதைக் கண்டால் நம்புவார் என்று வாங்குவோரையே முதலில் கேளுங்கள். சாயம் போகாது என்று பத்து முறை சொல்வதைவிட, துணியை ஒருமுறை நனைத்துக் காட்டுவது மேல். நனைக்க அஞ்சும் துணியை விற்கவே வேண்டாம்.