குடல் சோதனைக்கும் ஒரு விரதம் உண்டு

தைப்பூசத்திற்கு 48 நாள் விரதமிருப்போர் நம்மிடையே பலர். ஒரே ஒரு நாள் விரதம் குறைபட்டதால் நேர்ந்ததை இங்கு எழுதுகிறேன். நான் எண்டாஸ்கோப்பிப் பிரிவில் பல்லாண்டுகள் தாதியாகப் பணியாற்றியவள்.

2009இல் என் தாய்மாமாவுக்கு மலத்தில் இரத்தம் தென்பட்டு, கொலோனோஸ்கோப்பிக்கு நாள் குறித்தார்கள். முதல் நாள் உறவினர் வீட்டுத் திருமணம். முருங்கைக்காய்ச் சாம்பாரும் கீரைக் கூட்டும் உண்டுவிட்டு, பேதி மருந்தில் பாதியைத்தான் குடித்தார். "வயிறு காலியாகிவிட்டதம்மா, போதும்" என்றார். சோதனை முடிந்தது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பாயசம் வைத்தோம்.

2012இல் வலப்பக்கப் பெருங்குடலில் புற்றுநோய். பழைய அறிக்கையை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "குடல் சுத்தம் போதவில்லை" என ஒரு வரி இருந்தது. மறுபடியும் செய்யுமாறு எவரும் சொல்லவில்லை. அத்துறையிலேயே இருந்த நானும் அத்தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை. 2014இல் மாமா காலமானார்.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் 'பாலிப்' எனப்படும் சிறு சதை முளையாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே நோயாகிறது. முளையிலேயே கண்டு அகற்றினால் நோயே வராமல் தடுக்கலாம். ஆனால் வலப்பக்கத்து முளைகளுள் சில தட்டையானவை. சிறிது கழிவு மூடினாலும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மருத்துவர் பங்கும் உண்டு. குழாயைக் குடலின் தொடக்கம் வரை செலுத்திவிட்டு, வெளியே இழுத்து வரும்போதுதான் உண்மையான தேடல் நடக்கிறது. அமெரிக்காவின் ராக்ஃபர்ட் நகரில் 12 மருத்துவர்களைக் கவனித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. இழுத்து வர சராசரியாக 6 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 100க்கு 28 பேரிடம் கட்டிகளைக் கண்டனர். விரைந்து முடித்தவர்கள் 12 பேரிடம் மட்டுமே. 2024இல் அமெரிக்க வல்லுநர் சங்கங்கள் இதனை 8 நிமிடமாக உயர்த்தின. முளைகளை அதிகம் கண்டுபிடிக்கும் மருத்துவரின் நோயாளிகளுக்குப் பின்னாளில் இந்நோய் குறைவாகவே வருகிறது என்பதை 2014இல் வந்த பெரிய ஆய்வொன்றும் காட்டியது. ஆகவே "எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள், டாக்டர்?" என்று பணிவாகக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

நம் பங்குக்கு வருவோம். சைவ உணவு நல்லதுதான். ஆயினும் சோதனைக்குச் சில நாள் முன்பிருந்து கீரை, முருங்கை, விதையுள்ள காய்கனிகளை விலக்க வேண்டும். வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி போதும். இரும்புச்சத்து மாத்திரை, நீரிழிவு மருந்து, இரத்தம் உறையாதிருக்கும் மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேதி மருந்தை முந்திய மாலை ஒரு பங்கும், சோதனையன்று விடியலில் மறு பங்குமாகக் குடித்தால் குடல் நன்கு சுத்தமாகும். சுத்தத்தை அளக்க பாஸ்டன் அளவுகோல் என ஒன்றுண்டு: குடலின் மூன்று பகுதிக்கும் தலா 3, மொத்தம் 9.

சென்ற ஆண்டு என் முறை வந்தது. காலை 4 மணிக்கு எழுந்து இரண்டாம் பங்கை முகம் சுளித்தபடி முழுவதும் குடித்தேன். அறிக்கையைக் கையோடு வாங்கினேன். வலப்பக்கத்தில் ஒரு பாலிப் அகற்றப்பட்டிருந்தது. சுத்தத்திற்கு 9.