வேலிக் கம்பத்தில் பெரிய ஓட்டை

கேள்வி: நட்டுவிட்ட 4 அங்குல மரக் கம்பங்களில் ஒரு இன்ச் ஜி.ஐ. பைப்பை நுழைக்க வேண்டும். ஹோல்சா பாதியிலேயே நின்றுவிடுகிறதே?

பதில்: சாதாரண ஹோல்சா ஒன்றரை அங்குல ஆழம்தான் இறங்கும். ஆகவே முதலில் நீளமான மெல்லிய பிட்டால் மறுபக்கம் வரை நேராகத் துளையிடுங்கள். அவசரமே கூடாது, இது கோணினால் எல்லாம் கோணும். பிறகு அதே துளையை மையமாக வைத்து இருபுறமிருந்தும் ஹோல்சா ஓட்டுங்கள். உள்ளே நிற்கும் மரத்தை உளியால் செதுக்கி எடுத்துவிடலாம்.

பைப்பின் வெளிவிட்டம் சுமார் 34 மி.மீ.; 35 மி.மீ. ஹோல்சா போதும். அதைவிடப் பெரிதாக்கினால் கம்பம் பலவீனப்படும்.

குறைந்த வேகத்திலேயே ஓட்டுங்கள். பல் சிக்கினால் டிரில் மணிக்கட்டையே முறுக்கிவிடும்; பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் தொடவே வேண்டாம். ஓட்டையின் உட்புறத்தில் கரையான் மருந்து பூசிய பிறகே பைப்பை நுழையுங்கள்.