நோன்புக் கணக்கும் கைபேசியும்



சென்ற ரமளான் முடிந்த பிறகு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரே மாதத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நாற்பதைத் தாண்டிய கடைக்காரர், சர்க்கரை நோயாளி. எடை குறைக்க வேண்டும் என்று, பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் முறையைக் கைபேசி ஆப் ஒன்றைப் பார்த்துத் தொடங்கியவர். மற்றவர் ஒரு தாய். கல்யாணமான நாள் முதல் விடுபட்ட நோன்புகள் எத்தனை என்றே தெரியவில்லை, இனியாவது கணக்கு வைக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டார். இந்த இருவரின் கேள்விகளை ஒட்டியே இப்பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் வைப்போம். உடல் எடைக்காக நேரம் பார்த்துச் சாப்பிடுவது நோன்பு ஆகாது. அதில் தண்ணீர் குடிக்கலாம். பால் கலக்காத டீயும் குடிக்கிறார்கள். நோன்பு என்பது நிய்யத்தோடு ஸுப்ஹு முதல் மஃரிப் வரை இருப்பது. நம் பகுதியில் அது டிசம்பரில் பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். ஜூனில் 14 மணி நேரத்துக்கு மேல் போகும். ஆப் காட்டும் மணிக்கணக்கு நீங்கள் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது. ஆகவே அதில் "முடிந்தது" என்று மணி அடிப்பதைக் கேட்டு நோன்பு திறந்துவிடக் கூடாது. சிரிக்க வேண்டாம், ஒரு வீட்டுப் பிள்ளை அப்படித் திறக்கப் போய்ப் பாட்டி தடுத்திருக்கிறார்.

கடைக்காரரின் கதைக்கு வருவோம். அந்த ஆப் தினமும் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. பதினெட்டு மணி நேரம் இருந்தால் பதக்கம். பதக்கத்துக்கு ஆசைப்பட்டு ஒரு நாள் காலைச் சாப்பாட்டை விட்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். பதினொரு மணிக்குக் கல்லாவில் இருந்தபடியே வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. பக்கத்துக் கடைப் பையன் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை என்று டாக்டர் பிறகு சொன்னாராம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுவோரும் இன்சுலின் போடுவோரும் டாக்டரைக் கேட்காமல் இந்த முறையில் இறங்கவே கூடாது. ரமளான் நோன்புக்கும் மருந்தின் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலும் 300-க்கு மேலே போனாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் வழிகாட்டுதல். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் அல்லாஹ்வே தந்திருக்கிறான். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள் எடைக்காக இந்தப் பட்டினி முறையைக் கையாள வேண்டியதில்லை.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிவழி. தினமும் நோன்பு வைக்க விரும்பிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, தாவூத் (அலை) அவர்களைப் போல ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதே மேல் எல்லை என்று நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். இஃப்தாரும் ஸஹரும் இல்லாமல் தொடர்ந்து நோற்பதையும் தடுத்தார்கள். பதக்கம் கொடுக்கும் ஆப்களுக்கு இந்த எல்லை தெரியாது.

இனி அந்தத் தாயின் கேள்வி. இதுதான் நம் வீடுகளில் அதிகம் பேசப்படாதது. மாதவிடாய், பிரசவம் காரணமாக விடுபட்ட ரமளான் நோன்புகளைப் பெண்கள் கழா செய்ய வேண்டும். ஆயிஷா (ரலி) அவர்களே தமக்கு விடுபட்டதை ஷஅபானில் நோற்றதாக ஹதீஸ்களில் வருகிறது. கணக்கு மறந்துவிட்டால் மனம் உறுதிப்படும் அளவுக்குக் கூடுதலாக மதிப்பிட்டுக்கொள்ளச் சொல்வார்கள் ஆலிம்கள். அவரோடு உட்கார்ந்து போட்டோம். பன்னிரண்டு ரமளான், அதில் ஒன்று முழுவதும் பிரசவத்தில் போயிற்று, 30. மீதிப் பதினொன்றுக்கும் ஏழு ஏழாக 77. ஆக 107. நிச்சயமாக நோற்றது 20. மிச்சம் 87. திங்கள், வியாழன் என்று வைத்தால் மாதவிடாய் நாட்கள் போக ஓராண்டைச் சற்றுத் தாண்டும். "இவ்வளவுதானா? இருநூறுக்கு மேல் இருக்கும் என்று பயந்தே ஒன்றும் தொடங்காமல் இருந்தேன்" என்று அவர் கண்கலங்கினார். கழாவுக்கு நிய்யத்தை ஸுப்ஹுக்கு முன்பே, இரவிலேயே வைக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டினோம். தகுந்த காரணமின்றி அடுத்த ரமளானையும் தாண்டிவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் கழாவோடு நாளுக்கு ஒரு முத் தானியம் ஃபித்யாவும் உண்டு. ஹனஃபியில் கழா மட்டும். அவரவர் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளவும்.

இந்தக் கணக்கை வைக்க ஆப் நல்லதுதான். ஆனால் எந்த ஆப்?

2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு என்ற செய்தித் தளம் ஒரு விஷயத்தை வெளியிட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் வைத்திருந்த முஸ்லிம் ப்ரோ தொழுகை நேர ஆப், பயனாளர்கள் இருக்கும் இடத்தின் விவரத்தை எக்ஸ்மோடு என்ற நிறுவனத்துக்கு அனுப்பியது என்றும், எக்ஸ்மோடின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களும் உண்டு என்றும் அச்செய்தி கூறியது. ஆப் நிறுவனம் தனிப்பட்ட விவரங்களை விற்கவில்லை என்று மறுத்தது. ஆனாலும் எக்ஸ்மோடுடன் தொடர்பை முறித்துக்கொண்டது. கிப்லாவும் தொழுகை நேரமும் சொல்ல ஓர் ஆப்புக்கு இருப்பிடம் தேவை என்பதிலாவது நியாயம் உண்டு. நோன்பை எண்ண இருப்பிடம் எதற்கு? தொடர்பு எண்கள் எதற்கு?

ஆகவே போட்டவுடன் செய்ய வேண்டியது: கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து ஆப்பைத் திறந்து பாருங்கள். நெட் இல்லாமல் நாளைக் குறிக்க முடிகிறதா? கணக்குத் தொடங்கு, ஈமெயில் கொடு என்று கேட்காமல் இருக்கிறதா? அதுதான் வேண்டியது. அமைப்புகளில் அனுமதிகளைப் பார்த்து இருப்பிடத்தை நிறுத்துங்கள். பிளே ஸ்டோரில் தரவுப் பாதுகாப்பு என்று ஒரு பகுதி உண்டு. அதைப் படியுங்கள், ஆனால் அது ஆப் செய்தவர் தாமே எழுதிக் கொடுத்தது என்பதை மறக்க வேண்டாம். கைபேசிக்குள் மட்டும் இருக்கும் கணக்கு, கைபேசி தொலைந்தால் கூடவே போகும். மாதம் ஒருமுறை எண்ணிக்கையை ஒரு தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளும் மறைவு வேண்டும். பல வீடுகளில் ஒரே கைபேசியைப் பிள்ளைகளும் மாமனாரும் எடுக்கிறார்கள். "இன்று நீங்கள் நோன்பு இல்லை" என்று திரையில் அறிவிப்பு வந்தால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சங்கடம்! அறிவிப்பை நிறுத்துங்கள், ஆப்புக்குப் பூட்டுப் போடுங்கள். தொடர் நாட்களை எண்ணி "தொடர் அறுந்தது" என்று காட்டும் ஆப்களை எங்களுக்குப் பிடிக்கவில்லை. அல்லாஹ் சலுகை கொடுத்த நாளைத் தோல்வியாகக் காட்ட இவர்கள் யார்? அதேபோல் பகிர்வதற்கான பொத்தான். சுன்னத்தான நோன்பு வெளியே தெரியாத இபாதத். அதை ஸ்டேட்டஸில் போட்டு ரியாவுக்கு வழி திறப்பானேன்?

அந்தத் தாய் கடைசியில் எந்த ஆப்பும் வேண்டாம் என்று, கைபேசியிலேயே இருக்கும் குறிப்பேட்டில் 87 என்று எழுதிப் பூட்டி வைத்தார். ஒவ்வொரு இஃப்தாருக்குப் பிறகும் ஒன்று குறைக்கிறார். இதை எழுதும்போது 61-இல் இருக்கிறார்.

ஆப் பார்த்துப் போட்டுத் தர உதவி வேண்டுவோர் ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். பெண்களுக்கு அதே நேரத்தில் மதரஸாவில் ஆலிமா இருப்பார்; உங்கள் கணக்கை அவரிடம் மட்டும் சொன்னால் போதும், எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுவோர் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு வரவும்.