நோகாத புண்ணே ஆபத்தானது

வினாயகபுரத்திலும் அதனைச் சூழ்ந்த திருக்கோவில் பிரதேசக் கிராமங்களிலும் போரினாலும், 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையினாலும் வீடுவாசலை விட்டு ஓடியவர்கள் நம்மில் பலர். எங்கே போனாலும் பிழைப்பதற்கு நமக்கு மிஞ்சியவை கையும் காலுமே. அந்தக் காலைச் சீனி வருத்தம் எவ்வாறு பறிக்கிறது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

கால் ஏன் கெடுகிறது?

இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் பாதத்தின் நரம்புகள் பழுதடைகின்றன. முள் ஏறினாலும், மண்வெட்டி பட்டாலும், சுடுமணலில் கொப்புளித்தாலும் தெரிவதில்லை. இரத்தக் குழாய்களும் ஒடுங்குகின்றன. காலுக்குப் போதிய இரத்தம் போகாததால் புண் ஆறத் தாமதிக்கிறது. கிருமி உள்ளே பரவி எலும்பையும் தொடலாம். அந்த நிலையில் உயிரைக் காப்பாற்ற விரலையோ காலையோ அகற்ற வேண்டி வருகிறது.

“நோகவில்லைதானே, வேளாண்மை வெட்டு முடியட்டும்” என்று நாம் சொல்வதுண்டு. நோவு நம் காவல்நாய். நாய் குரைக்கவில்லை என்பதற்காகக் கள்ளன் வரவில்லை என்று சொல்ல முடியுமா? நோவு தெரியாத காலைக் கண்ணால்தான் காவல் காக்க வேண்டும்.

இது பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. சென்னை ராயபுரத்திலுள்ள எம்.வி. நீரிழிவு வைத்தியசாலையினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பாதப் பராமரிப்பு அறிவுரைகளைக் கைக்கொண்டவர்களுக்குப் புண் நன்கு ஆறியதையும், புதிய புண்கள் குறைந்ததையும் எடுத்துக்காட்டினர்.

நாம் செய்ய வேண்டியவை

1. தினமும் மாலையில் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்ப்போம். உள்ளங்காலைப் பார்க்கக் கண்ணாடி உதவும். பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லலாம்.

2. சவர்க்காரமிட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைப்போம்.

3. வீட்டிலும் வெறுங்காலுடன் நடவோம். பின்பட்டி உள்ள, அளவான செருப்பு நல்லது. போடுமுன் உள்ளே கல், முள் உண்டா என்று தடவிப் பார்ப்போம்.

4. நகத்தை நேராக வெட்டுவோம். கால் ஆணியை பிளேட்டால் சீவ வேண்டாம். நெருப்பிலோ சுடுநீரிலோ பாதத்தைக் காட்ட வேண்டாம்.

5. புண் கண்டால் சுத்தமான நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றே வைத்தியசாலைக்குப் போவோம். சாம்பல், பற்பசை பூச வேண்டாம். புண் ஆறும்வரை வயற்சேற்றில் இறங்க வேண்டாம். வீக்கம், நிறமாற்றம், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

6. மருந்தை விடாமல் எடுப்போம், புகைத்தலை நிறுத்துவோம்.

இடம்பெயர நேர்ந்தால் அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் மருந்தையும் எடுத்துக்கொள்வோம். கொப்பி தொலைந்தாலும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போகலாம், சிகிச்சை இலவசம்.

கலந்துரையாடுவோம்

அ) நம் கிராமத்தில் சீனி வருத்தம் உள்ளவர்களில் எத்தனை பேர் வெறுங்காலுடன் வயலுக்குப் போகிறார்கள்?

ஆ) தனித்து வாழும் முதியவர்களின் பாதத்தை யார் பார்ப்பது?

இ) அறுவடைக் காலத்தில் ஒருவருக்குக் காலில் புண் வந்தால், அவருடைய வேலையை நாம் எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம்?