சமாரியனிடம் இருந்தவை



லூக்கா 10ஆம் அதிகாரத்து நல்ல சமாரியனைக் குறித்து நாம் அநேக பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அவனுடைய மனதுருக்கத்தைப் பற்றியே பேசுவார்கள். ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்கிறவர்கள் அந்தப் பகுதியில் இன்னொன்றையும் கவனிப்பார்கள். எண்ணெய், திராட்சரசம், காயங்கட்டத் துணி, ஏற்றிச் செல்ல வாகனம், சத்திரத்துக்குப் பணம் எல்லாம் அந்த நேரத்தில் அவனிடமே இருந்தன. எரிகோவுக்குப் போகும் வனாந்தர வழியில் மருந்துக்கடை ஏது?

நம்மில் பலருக்கு எரிகோ வழி என்பது பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் செல்லும் சி.டி.எச். ரோடுதான். பூந்தமல்லிப் பக்கத்தாருக்குப் பெங்களூர் நெடுஞ்சாலை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. அதற்காக ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் பெரியவர் ஒருவரின் உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தமே. பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்தச் சிறு பை.

டிபன் பாக்ஸ் அளவுள்ள ஜிப் பை ஒன்று போதும். முதலில் இரண்டு ஜோடி ரப்பர் கையுறைகள். உதவி செய்கிறவருக்கும் பாதுகாப்பு வேண்டுமே. சுத்திகரித்த காஸ் துணிப் பொட்டலங்கள் ஐந்தாறு. 6 அங்குல கிரேப் பேண்டேஜ் இரண்டு. ஒரு மீட்டர் காடாத் துணியைச் சதுரமாக்கிக் குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டுகள் கிடைக்கும். சுடிதாரையோ பேண்ட்டையோ வெட்ட முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஒரு பேனா, சுத்தமான பிளாஸ்டிக் கவர்கள் இரண்டு.

பஞ்சு வேண்டாம், அது காயத்தில் ஒட்டிக்கொள்ளும். டெட்டால் பாட்டிலும் வேண்டாம். காபித்தூளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைச் சுரண்டி எடுத்துக் கழுவுவதற்குள் டாக்டருக்குப் பொறுமை போய்விடும்.

இரத்தம் பீறிட்டால் காஸை காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நிற்கிறதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தி, பிறகு கிரேப் பேண்டேஜை இறுகச் சுற்றுங்கள். பெரும்பாலான இரத்தப்போக்கு இதிலேயே அடங்கும். கை அல்லது காலில் இதற்கும் அடங்காமல் உயிருக்கு ஆபத்தாக ஓடினால் மட்டும், காயத்துக்கு மேலே மூன்று அங்குலம் தள்ளி, மூட்டின்மேல் அல்லாமல், முக்கோணத் துணியை அகலமாக மடித்துக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கயிறோ வயரோ கூடாது. கட்டிய நேரத்தைப் பேனாவால் எழுதுங்கள், நீங்களே அவிழ்க்காதீர்கள். இதை ஒருமுறையாவது பயிற்சி பெற்றவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷினில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு காரியம். விரல் துண்டானால் அதைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தக் காஸில் சுற்றி, ஒரு கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் உள்ள இன்னொரு கவருக்குள் வையுங்கள். விரல் ஐஸைத் தொடக்கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. ஆனால் துண்டான விரல் நல்ல நிலையில் வந்து சேர்ந்தால்தானே திரும்பப் பொருத்த முடியும்!

“உதவி செய்தால் போலீஸ் கேஸ் வருமே” என்று தயங்குகிறவர்கள் இன்னும் உண்டு. அது பழைய பயம். 2016 மார்ச்சில் உச்சநீதிமன்றமும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவி செய்கிறவரைக் காக்கின்றன. விருப்பமில்லாவிட்டால் பெயர், முகவரிகூடச் சொல்ல வேண்டியதில்லை. பாராளுமன்றம் அந்தப் பிரிவில் அப்படிப்பட்டவருக்கு இட்டிருக்கும் பெயரே ‘நல்ல சமாரியர்’தான்! செலவை எண்ணிக் கலங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: 2021 டிசம்பர் முதல் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

பையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைப்பவர்கள் சித்திரை வெயில் முடிந்ததும் கையுறைகளை மாற்றிவிடுங்கள். சூட்டில் ரப்பர் இற்றுப்போகும்.