சேவல் கூவினால் எத்தனை டெசிபல்?

மாணவர்களே, குரோம்பேட்டையில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் சென்ற ஆண்டு ஒரு வழக்கு எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டது ஒரு வெள்ளைச் சேவல்.

மூன்றாம் மாடியில் இருக்கும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், தெருவில் விற்ற சாயம் பூசிய கோழிக்குஞ்சு ஒன்றை ஆசையோடு வாங்கி வளர்த்தான். இத்தகைய குஞ்சுகள் பெரும்பாலும் சேவல்களே. முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் நிலையங்களுக்குப் பெட்டைகள் மட்டுமே தேவை. வேண்டாமென்று கழிக்கப்படும் சேவற்குஞ்சுகள்தாம் சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகின்றன. ஐந்து மாதத்தில் சாயம் போயிற்று, கூவல் வந்தது.

எதிர்ப்புறக் கட்டடத்தில் செவிலியர் ஒருவர் இருக்கிறார். பணி முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புபவர். விடியற்காலை நான்கு மணிக்கே சேவல் அவரை எழுப்பிவிடும். குடியிருப்பில் சேவல் வளர்க்கக் கூடாதென்று விதி உண்டு. எனவே பத்து நாளில் சேவலை அகற்றவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பையன் என்னிடம் ஓடிவந்தான். “சார், நீங்க பிசிக்ஸ் சார்தானே? சத்தத்தைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்க” என்றான். இருவரும் சேர்ந்து வழி தேடினோம்.

இருட்டு ஏமாற்றுமா?

வெளிச்சத்தைக் கண்டுதானே சேவல் கூவுகிறது, கூடையைக் கறுப்புத் துணியால் மூடினால் என்ன என்று பையன் எண்ணினான். மூடினான். மறுநாளும் நான்கு மணிக்குக் கூவல் கேட்டது!

காரணம் என்ன? ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிம்முரா, யோஷிமுரா என்னும் இரு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். பகலும் இரவும் மாறாத மங்கலான ஒளியில் சேவல்களை வைத்திருந்தார்கள். விடியலின் அறிகுறி எதுவும் இல்லாதபோதும், ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அவை தவறாமல் கூவத் தொடங்கின. சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது விடியலை முன்கூட்டியே அறிந்து கூவச் செய்கிறது. வெளிச்சத்தைத் துணியால் மறைக்கலாம். அந்தக் கடிகாரத்தை நிறுத்த முடியாது.

போர்வை தடுக்குமா?

அடுத்து, கூடையின்மேல் இரண்டு போர்வைகளைப் போர்த்தினான். கூவல் சற்றே மங்கியது, அவ்வளவுதான். ஒலியைத் தடுப்பதற்குக் கனமான, இடைவெளியற்ற தடுப்பு வேண்டும். செங்கற்சுவர் ஒலியைத் தடுப்பது அதன் கனத்தால்தான். போர்வை இலேசானது, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் ஏராளம். ஆனால், காற்றுப் புகாத கனத்த பெட்டியில் சேவலை அடைத்தால் அது மூச்சுவிடுவது எப்படி? காற்று போகும் வழியெல்லாம் ஒலியும் போகும். எனவே இந்த வழியையும் கைவிட்டோம்.

தொலைவு காக்குமா?

பெல்ஜிய ஆய்வாளர்கள் சேவலின் கூவலை அளந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். சேவலின் காதருகே அது 130 டெசிபலையும் தாண்டியது. ஒரு மீட்டர் தொலைவிலேயே சுமார் 100 டெசிபல். அவ்வளவு ஒலியில் சேவலின் காது செவிடாகாதா? ஆகாது. அலகை முழுவதும் திறக்கும்போது அதன் செவிக்குழல் தானாகவே மூடிக்கொள்கிறது. பக்கத்து வீட்டாருக்கு அந்த வசதி இல்லை!

ஒலியின் செறிவு எதிர்த்தகவு இருமடி விதிப்படி குறையும் என்று படித்திருப்பீர்கள். தொலைவு இருமடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும்; அதாவது 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 100 என்றால், 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82. செவிலியரின் சன்னல் ஏறத்தாழ 8 மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது.

நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் (2000), குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரையறுத்துள்ளன. அந்த அளவுக்குக் குறைய எவ்வளவு தொலைவு வேண்டும்? பையனையே கணக்கிடச் சொன்னேன். ஒன்பது முறை இரட்டித்து 512 மீட்டரை அடைந்தான். அங்கும் 46 டெசிபல்! குரோம்பேட்டையில் அரைக் கிலோமீட்டருக்குள் வீடே இல்லாத இடம் ஏது?

இங்கே இரண்டு செய்திகளை மறக்கலாகாது. இது தடையற்ற வெட்டவெளிக்கான கணக்கு. சுவர்களும் மரங்களும் ஒலியை மேலும் குறைக்கும். மேலும், விதி கூறும் 45 என்பது ஒரு கால அளவின் சராசரி. இரண்டு விநாடிக் கூவல் அச்சராசரியில் கரைந்துவிடக்கூடும். ஆனால் தூங்குபவரை எழுப்புவது சராசரியல்ல. அந்த இரண்டு விநாடிதான்.

பிற ஊர்களில்

கேரளத்தின் அடூரிலும் 2025-இல் இதே வழக்கு எழுந்தது. விடியுமுன் கூவும் சேவலைப் பற்றிப் பக்கத்து வீட்டார் முறையிட, மாடியிலிருந்த கோழிக்கூட்டை மனையின் தென்புறத்துக்கு 14 நாட்களுக்குள் மாற்றும்படி வருவாய்க் கோட்ட அதிகாரி ஆணையிட்டார். பிரான்சில் ஓலரோன் தீவைச் சேர்ந்த மொரீஸ் என்ற சேவலுக்கு 2019-இல் நீதிமன்றம் கூவும் உரிமை அளித்தது. அடூரில் கூட்டை நகர்த்த மனையில் இடம் இருந்தது. மொரீஸ் கிராமப்புறத்துச் சேவல். எங்கள் குடியிருப்பிலோ எந்தப் பக்கம் நகர்த்தினாலும் எட்டு மீட்டரில் இன்னொரு சன்னல்.

பையன் கணக்கை மறுபடி போட்டான். விடை மாறவில்லை. கெடு முடியுமுன், மதுராந்தகத்துக்கு அப்பால் வயல் நடுவே இருக்கும் தாத்தா வீட்டுக்குச் சேவலைத் தானே கொண்டுபோய் விட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்பினான். விடுமுறைதோறும் போய்ப் பார்க்கிறான். இப்போது தெருவில் சாயக் குஞ்சு விற்பவர் வந்தால், மற்றப் பிள்ளைகளிடம் அவன்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறான்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி: தாத்தா வீட்டிலிருந்து அடுத்த வீடு 1024 மீட்டர் தொலைவில் இருந்தால், அங்கே கூவல் எத்தனை டெசிபலாகக் கேட்கும்?