கந்தோர் வந்த வழி



தம்பி, நீர் அகராதி வேலையில் இறங்கியிருக்கிறீர் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். நீர் அனுப்பிய மாதிரிப் பதிவுகளில், நம் ஊர்ப் பேச்சில் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ என்பதற்கு எதிரே ‘டச்சு’ என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறீர். சரிதான், ஆனால் போதாது. ஒல்லாந்தரும் அந்தச் சொல்லை இரவல் வாங்கியவர்களே.

லத்தீனில் ‘புத்தாரே’ என்றால் முதலில் கிளை கழிப்பது, பிறகு கணக்குத் தீர்ப்பது. அதிலிருந்து ‘கொம்புத்தாரே’, எண்ணிக் கணக்கிடுவது. கம்ப்யூட்டரும் அந்த வேரில் முளைத்ததுதான். அந்த வினை பிரெஞ்சுக்குப் போனபின், காசு எண்ணும் மேசைக்குக் ‘கொந்த்துவார்’ என்று பெயர் வந்தது. இடைக்கால டச்சு அதை எடுத்துக் ‘காந்தோர்’ ஆக்கியது. மேசையின் பெயர் அது கிடந்த அறைக்கு ஏறியது, அறையிலிருந்து வணிக நிலையத்துக்கு. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி கடல் கடந்த தன் நிலையங்களை இப்பெயராலேயே குறித்தது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணம் அக்கம்பனியின் கையில் இருந்தது, சொல் நம் பேச்சில் ஏறியது அந்த வழியாகத்தான். இந்தோனேசியர் இன்றும் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்றே சொல்கிறார்கள். அங்கும் ஆண்டவர்கள் ஒல்லாந்தரே.

ஆண்டார்கள் என்பது மட்டும் சான்றாகாது, ஒலியைக் கேளும். ஆங்கிலத்தின் ‘டி’ நம் காதில் டகரமாக விழும்: டிக்கெட், கவுண்டர். டச்சில் அது பல்லில் தட்டும் ஒலி, அதனால் தகரம். டச்சிலிருந்து வந்த ‘நொத்தாரிசு’ என்பதிலும் அதையே கேட்கலாம். டச்சுச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில். நம் ‘தோர்’ நெடிலாக நிற்பது அதனால்தான். கவுண்டரும் அதே பிரெஞ்சு மேசையின் வழிவந்ததே, ஆனால் ஆங்கிலத்தின் வாயால் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லிப் பாரும், வந்த வழி தானே தெரியும்.

ஓசை ஒத்தது என்பதற்காகக் கந்தனோடும் கந்தோடும் முடிச்சுப் போடுகிறவர்கள் உம்மிடம் வருவார்கள். பணிவாகக் கேளும், ஆனால் பதிவில் ஏற்றாதேயும். ஒவ்வொரு படியிலும் ஒலியும் பொருளும் வரலாறும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். ஒல்லாந்தரின் பேரகராதி 1864இல் வெளிவரத் தொடங்கி 1998இல்தான் முடிந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தப் பொறுமையோடு உழைத்திருக்கிறார்கள்.

‘கந்தோர்’ என்று சொல்லும் வாய்கள் குறைந்துவருகின்றன. ஊரில் மூத்தவர்களிடம் போம். பழைய காணி உறுதிகளையும் கடிதங்களையும் கேட்டு வாங்கி, அச்சொல் வரும் வாக்கியங்களை ஆண்டோடு எழுதி எடும். இழுப்பறையைக் குறிக்கும் ‘லாச்சி’யும் டச்சிலிருந்து வந்ததே, அதையும் சேர்த்துக்கொள்ளும். திருத்திய பதிவை எனக்கு அனுப்பும்.